உப்புத் தண்ணீர் ஊரில் நல்ல கட்டஞ்சாயா: தூள், தண்ணீர், நேரம்

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் இரண்டு வகைத் தண்ணீர் இருக்கும். ஒன்று, பாத்திரம் கழுவவும் துணி துவைக்கவும் போர்வெல் தண்ணீர். இன்னொன்று, குடிக்கவும் சமைக்கவும் குழாயில் வரும் ஆற்று நீர் அல்லது காசு கொடுத்து வாங்கும் கேன் தண்ணீர். குடிதண்ணீர் குறைந்த நாளில் முதலில் மாற்றி ஊற்றப்படுவது டீச் சட்டியில்தான். "கொதிக்கத்தானே போகிறது" என்பது நம் சமாதானம். பால் டீயில் அது ஓரளவு மறைந்துவிடும். பாலும் ஏலக்காயும் இஞ்சியும் தண்ணீரின் குறையை மூடிவிடும். பால் ஊற்றாத தேநீரில் மூட ஒன்றுமில்லை. தூள் எப்படி, தண்ணீர் எப்படி, எவ்வளவு நேரம் ஊறியது என்ற மூன்றும் அப்படியே நாக்கில் தெரியும்.

சர்க்கரை நோயால் பாலையும் சீனியையும் குறைத்தவர்கள், பால் விலையைப் பார்த்துக் குறைத்தவர்கள், வளைகுடாவில் சுலைமானி குடித்துப் பழகி ஊர் திரும்பியவர்கள் எனப் பலரும் இன்று கட்டஞ்சாயாவுக்கு மாறுகிறார்கள். மாறியவர்களில் பலர் சில நாளில் "வெறும் கசப்பு" என்று விட்டும் விடுகிறார்கள். கசப்புக்குக் காரணம் தேயிலை என்பதைவிட, நாம் அதைப் போடும் முறையும் நம் ஊர்த் தண்ணீரும்தான். இவற்றோடு, எந்த நேரத்தில் குடிக்கிறோம் என்பது நம் வீட்டுப் பெண்களின் உடல்நலத்தைத் தொடும் விஷயம். இந்தக் கட்டுரையில் அனைத்தையும் வரிசையாகப் பார்ப்போம்.

கட்டஞ்சாயா என்பது எது?

பச்சைத் தேயிலை, கறுப்புத் தேயிலை எல்லாம் ஒரே செடியின் இலைதான். பறித்த இலையை வாட வைத்து, உருட்டி அல்லது நசுக்கி, காற்றில் விட்டால் அதன் சாறு காற்றுடன் சேர்ந்து நிறம் மாறும். வெட்டி வைத்த கத்தரிக்காய் கறுப்பது போன்றதுதான் இது. அந்த மாற்றம் முழுமையடைந்ததும் சூட்டில் உலர்த்தினால் கிடைப்பது கறுப்புத் தேயிலை. கடையில் நாம் "டீத்தூள்" என்று வாங்குவது எல்லாம் இதுவே. அதைப் பால் இல்லாமல் போட்டால் நம் பக்கத்தில் கட்டஞ்சாயா, பிளாக் டீ. இலங்கையில் பிளேன்டீ. எலுமிச்சையும் ஏலக்காயும் சேர்த்தால் மலபாரிலும் வளைகுடாவிலும் சுலைமானி.

நம் மண்ணுக்கும் தேயிலைக்கும் உள்ள உறவு

நம் கரிசல் மண்ணில் தேயிலைச் செடி வளராது. அதற்கு மலையின் குளிரும் மழையும் வேண்டும். ஆனாலும் தேயிலையோடு இந்த வறண்ட சீமைக்கு உள்ள தொடர்பு பழையது. அது குடிப்பதற்கு முன்பே, தோட்டத்து உழைப்பில் தொடங்கியது.

இலங்கையில் கண்டிக்கு அருகே லூல்கந்துர தோட்டத்தில் 1867-ல் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் வணிக அளவில் தேயிலை பயிரிட்டார். 1869-ல் தொடங்கிய இலைநோய் அங்கிருந்த காப்பித் தோட்டங்களை அழித்தது. அந்த இடங்களைத் தேயிலை பிடித்தது. அதற்குக் கைகள் தேவைப்பட்டன. மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலி, திருச்சி, புதுக்கோட்டை என மழை பொய்த்த சீமைகளிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் கடல் கடந்தார்கள். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம் பலரைக் கிளப்பியது. பின்னாளில் மண்டபம் முகாம் வழியாக, 1914-ல் தொடங்கிய தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பலில் பயணம் நடந்தது. 1910 முதல் 1985 வரை ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த பகுதிகள்தாம் நம் அருப்புக்கோட்டையும் திருச்சுழியும்.

1964-ல் சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தம் வந்தபின் பல லட்சம் பேர் இந்தியா திரும்பினார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை கொடுக்கத்தான் நீலகிரியிலும் வால்பாறையிலும் அரசு தேயிலைத் தோட்டங்கள் விரிவாக்கப்பட்டன. அவற்றை நடத்த 1976-ல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம், அதாவது 'டேன்டீ' உருவானது. எனவே நம் டம்ளரில் இருப்பது எங்கோ தூரத்து மலையின் சரக்கு மட்டும் அல்ல. நம் சீமையிலிருந்து போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் பறிக்கிற இலை அது. அதை வீணாக்காமல், நன்றாகப் போட்டுக் குடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தூளைத் தேர்ந்தெடுப்பது

கடையில் கிடைப்பதை இரண்டாகப் பிரிக்கலாம். முதல் வகை, சி.டி.சி. இலையை இயந்திரப் பற்களுக்கு இடையே நசுக்கி, கிழித்து, சுருட்டி உருண்டையாக்குவது. 1930-களில் அசாமில் வந்த முறை இது. சீக்கிரம் சாயம் இறங்கும், நிறம் அதிகம், பாலைத் தாங்கும். தமிழ்நாட்டில் பால் டீக்கு விற்பது பெரும்பாலும் இதன் பொடி வகையான 'டஸ்ட்'.

இரண்டாம் வகை, ஆர்த்தடாக்ஸ். இலையை நசுக்காமல் உருட்டிச் செய்வது. பார்க்கச் சிறு குச்சி போலவும் முறுக்கிய இலை போலவும் இருக்கும். மெதுவாக இறங்கும், நிறம் குறைவு, மணம் அதிகம். பால் இல்லாமல் குடிக்க இதுவே பொருத்தம். 'லீஃப்', 'பி.ஓ.பி.' போன்ற பெயர்களில் கிடைக்கும். ஆனால் பி.ஓ.பி. போன்ற எழுத்துகள் தூளின் அளவையும் வடிவத்தையும்தான் சொல்கின்றன. ருசிக்கு அவை உத்தரவாதம் அல்ல.

ஊர் வாரியாகப் பார்த்தால், நீலகிரித் தேயிலை வாசனையும் தெளிவும் கொண்டது, கட்டஞ்சாயாவுக்கு ஏற்றது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான குளிரில் பறிக்கும் நீலகிரி இலைக்கு மணம் கூடுதல் என்பார்கள். அசாம் தேயிலை கனமானது, பாலுக்கு நல்லது. டார்ஜிலிங் மென்மையானது, விலை அதிகம். இந்தியாவில் முதலில் புவிசார் குறியீடு பெற்ற பொருள் அதுதான். இலங்கைத் தேயிலையில் மலையின் உயரத்துக்கு ஏற்ப குணம் மாறும்.

அதிக விலைதான் நல்லது என்று எண்ண வேண்டாம். ரேஷன் கடைகளில் விற்கும் 'ஊட்டி டீ'யும் 'டேன்டீ' தூளும் நீலகிரிச் சரக்கே. வீட்டில் இருப்பது பொடி வகை என்றாலும் பரவாயில்லை, போடும் முறையை மாற்றினால் போதும். கணக்கும் நமக்குச் சாதகம்தான். 150 மில்லி டம்ளருக்கு 2 கிராம் தூள் போதும். 250 கிராம் பாக்கெட்டில் 125 டம்ளர் வரும். அந்தக் கணக்கில், கொஞ்சம் விலை கூடிய தூளை வாங்கினாலும் ஒரு டம்ளருக்குக் கூடும் செலவு சில காசுகளோ, ஒன்றிரண்டு ரூபாயோதான்.

வாங்கும்போது பாக்கெட்டில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், பேக் செய்த தேதி இரண்டையும் பாருங்கள். மாதத்துக்கு ஆகும் அளவு மட்டும் வாங்குங்கள். தேயிலை பக்கத்தில் இருக்கும் வாசனையை இழுத்துக்கொள்ளும். மசாலா டப்பாவோடு வைத்தால் சோம்பு வாசம் வரும். இறுக்கமான மூடியுள்ள, வெளிச்சம் புகாத டப்பாவில், அடுப்புக்கு எட்டத்தில் வைக்க வேண்டும்.

கலப்படத்தைக் கண்டுபிடிப்பது

உதிரியாக விற்கும் மலிவான தூளில் சாயம் ஏற்றுவதும், பயன்படுத்திய தூளைக் காயவைத்து நிறமேற்றிக் கலப்பதும் நடக்கிற மோசடிகள். பால் இல்லாமல் குடிப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லும் இரண்டு சோதனைகளை வீட்டிலேயே செய்யலாம்.

ஒன்று, வடிதாளில் கொஞ்சம் தூளைப் பரப்பி, தாள் நனையும்படி தண்ணீர் தெளியுங்கள். செயற்கைச் சாயம் இருந்தால் உடனே தாளில் நிறம் பரவும். பிறகு குழாய் நீரில் தாளைக் கழுவி வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல தூள் கறை விடாது. இரண்டு, ஒரு தட்டில் தூளைப் பரப்பி அதன்மேல் காந்தத்தை நகர்த்துங்கள். இரும்புத் துகள் இருந்தால் ஒட்டிக்கொள்ளும்.

இவை தவிர ஒரு எளிய கவனிப்பும் உண்டு. பச்சைத் தண்ணீரில் போட்ட நொடியே தூள் அடர் நிறம் விட்டால் சந்தேகப்படுங்கள். உண்மையான தேயிலை குளிர்ந்த நீரில் மெதுவாகத்தான் இறங்கும்.

தண்ணீர்: பாதி ருசி இங்கேதான்

ஒரு டம்ளர் கட்டஞ்சாயாவில் ஏறக்குறைய எல்லாமே தண்ணீர்தான். நம் பக்கத்துப் போர்வெல் நீர் பல இடங்களில் உவர்ப்பாகவும் கடினமாகவும் இருக்கிறது. கடின நீர் எது என்று அறியக் கருவி தேவையில்லை. சோப்பு நுரைக்காது, பருப்பு சீக்கிரம் வேகாது, கொதித்த பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவு நிற்கும். இந்திய தர நிர்ணயப்படி குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழி இல்லாதபோது 600 வரை ஏற்கலாம். மொத்தக் கரைந்த உப்புகளுக்கு அந்த அளவுகள் 500, 2000.

கடின நீரில் டீ போட்டால் என்ன ஆகும்? நீரில் உள்ள சுண்ணாம்புச் சத்தும் தேயிலையின் சாறும் காற்றும் சேர்ந்து, மேலே எண்ணெய் போன்ற ஆடை படரும். டம்ளரின் ஓரத்தில் பழுப்புக் கறை ஒட்டும். நிறம் செம்மை இழந்து மங்கிக் கறுக்கும். கறுத்திருப்பதால் திடமான டீ என்று நினைப்போம். வாயில் வைத்தால் மணம் இருக்காது. டீ நிறம் வர ஒரு சிட்டிகை சோடா உப்பு போடுவதும் இதே வேலையைத்தான் செய்கிறது. நிறம் கூடும், ருசி செத்துவிடும்.

இரும்புச்சத்து மிகுந்த போர்வெல் நீரானால் டீ மை போலக் கறுக்கும். பழைய காலத்தில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து எழுதும் மை காய்ச்சினார்கள். சாயம் போடுவோரும் இதை அறிவார்கள். கடுக்காயின் துவர்ப்பும் அன்னபேதியில் உள்ள இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. தேயிலையிலும் அந்தத் துவர்ப்பு உண்டு. இந்தச் சேர்க்கையை நினைவில் வையுங்கள். உடல்நலம் பற்றிப் பேசும்போது மறுபடி வரும்.

இனி வழிகள்:

குழாயில் வரும் ஆற்று நீர் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. குளோரின் வாசம் அடித்தால் அகலமான பாத்திரத்தில் சில மணி நேரம் திறந்து வைத்துப் பயன்படுத்துங்கள்.

கேன் தண்ணீரிலும், வீட்டு ஆர்.ஓ. நீரிலும் உப்பு மிகக் குறைவு. அதில் டீ பளிச்சென்று இறங்கும், துவர்ப்பு சற்று தூக்கலாக இருக்கும். தூளைக் கொஞ்சம் குறைக்கலாம், அல்லது பாதிக்குப் பாதி ஆற்று நீர் கலக்கலாம்.

கடின நீர் மட்டுமே இருந்தால், முதல் நாள் இரவே ஐந்து பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு மூடி வையுங்கள். சுண்ணாம்பில் ஒரு பகுதி அடியில் படியும். காலையில் கலக்காமல் மேல் நீரை மட்டும் எடுங்கள். ஆடை படர்வது வெகுவாகக் குறையும். ஆனால் உவர்ப்பு இதனால் போகாது. கரைந்த உப்பு கொதிக்கக் கொதிக்கக் கூடத்தான் செய்யும்.

மழைநீர் டீக்கு மிக நல்ல நீர். அது மென்மையானது. தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயம். மொட்டை மாடியைச் சுத்தம் செய்து, முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, பிறகு வருவதை மூடிய தொட்டியில் பிடித்து, கொதிக்க வைத்துப் பயன்படுத்தலாம். நம் கிராமங்களின் ஊருணி நீர் இனிப்பாக இருந்ததற்கும் அது பிடித்து வைத்த மழை என்பதே காரணம். கலங்கல் தெளியப் பானையில் தேற்றாங்கொட்டை இழைத்தவர்கள் நம் பாட்டிமார்கள்.

வளைகுடாவில் இருந்து வந்த தூளை இங்கே போட்டால் "அங்கே குடித்த மாதிரி இல்லையே" என்று சொல்வதற்கும் விடை இதில்தான் இருக்கிறது. அங்கே குழாயில் வருவது பெரும்பாலும் கடல்நீரை நன்னீராக்கியது. தூள் அதுவேதான், தண்ணீர்தான் வேறு.

போடும் முறை

கட்டஞ்சாயா கெடுவதற்கு முக்கியக் காரணம், பால் டீயைப் போலவே அதையும் காய்ச்சுவது. தூளைப் போட்டுக் கொதிக்க விடுவது பாலுக்குத்தான் சரி. பால் இல்லாதபோது தூளைக் கொதிக்க விடக் கூடாது, ஊறத்தான் விட வேண்டும்.

1. டம்ளருக்கு 150 மில்லி கணக்கில் தண்ணீரை அளந்து ஊற்றுங்கள். தூள் கொஞ்சம் நீரைக் குடித்துவிடும். ஐந்து டம்ளருக்கு 800 மில்லி வைக்கலாம்.

2. தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணையுங்கள். முதல் கொதியே போதும், வெகுநேரம் வற்றவிட வேண்டாம்.

3. டம்ளருக்கு 2 கிராம் தூள். பொடி வகை என்றால் மட்டமாகத் தலை தட்டிய முக்கால் தேக்கரண்டி. இலை வகை லேசானது, அதனால் சற்று நிறையவே ஒரு தேக்கரண்டி.

4. போட்டதும் ஒரு முறை கலக்கி மூடிவிடுங்கள். மணம் ஆவியோடு போய்விடாமல் இருக்கவே இந்த மூடி.

5. பொடி வகைக்கு 2 நிமிடம். இலை வகைக்கு 3 முதல் 4 நிமிடம். கடிகாரம் பார்த்துச் செய்யுங்கள்.

6. நேரம் ஆனதும் முழுவதையும் வடித்துவிடுங்கள். வடிகட்டியில் நிற்கும் தூளைக் கரண்டியால் அழுத்திப் பிழிய வேண்டாம். கசப்பு அதில்தான் இறங்கும்.

திடமாக வேண்டும் என்றால் தூளைக் கூட்டுங்கள், நேரத்தைக் கூட்டாதீர்கள். இந்த ஒரு விதியைக் கைக்கொண்டாலே பாதிக் குறை தீரும். தேயிலைச் சோதனைக்கூடங்களில் 100 மில்லிக்கு 2 கிராம், 6 நிமிடம் என்று போடுவார்கள். அது தூளின் குறைகளைக் கண்டுபிடிக்கும் அளவு, குடிப்பதற்கான அளவு அல்ல.

வடித்த தூளை மறுபடி கொதிக்க வைத்தால் மணம் வராது, கசப்புதான் வரும். அதை ரோஜாச் செடிக்கோ மல்லிகைக்கோ உரமாகப் போடலாம். விருந்தாளிகளுக்காகப் பிளாஸ்க்கில் வைப்பதானால் வடித்த பிறகே ஊற்றி, ஒரு மணி நேரத்துக்குள் பரிமாறிவிடுங்கள்.

ஆறிய டீ கலங்கலாக மாறினால் பயப்பட வேண்டாம். மறுபடி சூடாக்கினால் தெளிந்தால், அது தேயிலையின் சத்துகள் ஒன்றோடொன்று சேர்ந்ததால் வந்த கலங்கல், நல்ல சரக்குக்கு அடையாளம். சூடாக்கியும் மேலே ஆடை நின்றால் அது தண்ணீரின் குறை.

நல்ல கட்டஞ்சாயாவைக் கண்ணாலேயே அறியலாம். செம்பழுப்பாக, டம்ளரின் அடி தெரியும் அளவு தெளிவாக இருக்கும். குடித்ததும் நாக்கின் ஓரத்தில் லேசாகத் துவர்க்கும், உடனே வாய் சுத்தமாகும். துவர்ப்பு தேயிலையின் குணம். தொண்டையில் நிற்கும் கசப்பு நம் கைத்தவறு.

என்ன சேர்க்கலாம்?

எலுமிச்சை: வடித்த பிறகு, டம்ளருக்கு ஐந்தாறு சொட்டு. புளிப்பு பட்டதும் நிறம் வெளுத்துப் பொன்னிறமாகும். அதைப் பார்த்து டீ நீர்த்துவிட்டதாக எண்ண வேண்டாம். கடின நீரால் படர்ந்த ஆடையையும் எலுமிச்சை கரைத்துவிடும். உப்புத் தண்ணீர் ஊர்க்காரர்களுக்கு இது கைகொடுக்கும் உபாயம். எலுமிச்சையைப் போட்டுக் கொதிக்க வைத்தால் கசந்துவிடும். அலுமினியப் பாத்திரத்தில் புளிப்பைச் சேர்க்கவும் கூடாது.

சுலைமானி: நான்கு டம்ளருக்கு இரண்டு ஏலக்காய், ஒரு சிறு துண்டு பட்டை, விரும்பினால் ஒரு கிராம்பு. இவற்றைத் தண்ணீரோடு கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்த பிறகு தூள் போட்டு வடித்து, கடைசியில் எலுமிச்சை. புதினா சேர்ப்பதானால் இரண்டு இலையைக் கசக்கி டம்ளரில் போட்டு அதன்மேல் ஊற்றுங்கள். பிரியாணி சாப்பிட்ட நாளில் வயிற்றுக்கு இதமாக இருக்கும் என்று பலரும் விரும்புவது இது.

கருப்பட்டி: பால் டீயில் கருப்பட்டி போட்டால் சில சமயம் பால் திரிந்துவிடும். கட்டஞ்சாயாவில் அந்தத் தொல்லை இல்லை. கருப்பட்டியைத் தனியே கரைத்து, மண் போக வடிகட்டிச் சேருங்கள். சுக்கு தட்டிப் போட்டால் மழைக்காலத்துக்கு நல்லது.

கருப்பட்டி என்றாலும் நாட்டுச் சர்க்கரை என்றாலும் உடலுக்கு அதுவும் சர்க்கரைதான். ஒரு டம்ளருக்கு இரண்டு கரண்டி, சுமார் 10 கிராம் போட்டு நான்கு வேளை குடித்தால் 40 கிராம். ஒரு நாளைக்குச் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்துக்குக் கால் கரண்டி வீதம் குறைத்துக்கொண்டே வந்தால் நாக்கு பழகிவிடும். முறையாக ஊறிய கட்டஞ்சாயாவுக்குச் சீனியின் தேவை தானாகவே குறையும். கசப்பை மறைக்கத்தானே அவ்வளவு சீனி போட்டுக்கொண்டிருந்தோம்!

எந்த நேரத்தில் குடிக்கக் கூடாது?

இனி முக்கியமான விஷயம். கடுக்காயும் அன்னபேதியும் சேர்ந்து மை ஆவதைப் பார்த்தோம். சாப்பாட்டோடு டீ குடித்தால் வயிற்றிலும் அதுபோன்ற ஒரு சேர்க்கைதான் நடக்கிறது. தேயிலையின் துவர்ப்புச் சத்து உணவில் உள்ள இரும்பைப் பிடித்துக்கொள்கிறது. அந்த இரும்பு இரத்தத்தில் சேராமல் வெளியேறுகிறது. கீரை, பருப்பு, கம்பு, கேழ்வரகு, குதிரைவாலி போன்றவற்றின் இரும்புதான் இப்படி அதிகம் வீணாகும். இறைச்சியில் உள்ள இரும்புக்குப் பாதிப்பு குறைவு.

2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையான பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. நம் வீடுகளில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, கடைசியில் மிஞ்சியதைச் சாப்பிட்டு, அலுப்பு தீர உடனே ஒரு டம்ளர் டீ குடிப்பவர் யார்? வீட்டின் பெண்தான். கறி முதலில் ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் போய்விடும். அவருக்குக் கிடைத்த கீரையின் இரும்பையும் டீ எடுத்துக்கொள்ளும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும் ஒரு மணி நேரம் பின்பும் டீ, காப்பியைத் தவிர்க்கச் சொல்கிறது. எலுமிச்சை பிழிவது ஓரளவு உதவும், ஆனால் தடையை முழுதாக நீக்காது. அரசு ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகளுக்கும் வளரிளம் பெண்களுக்கும் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்கவே கூடாது. தண்ணீரோடு போட்டு, டீயைத் தள்ளி வையுங்கள்.

அதே வழிகாட்டி, ஒரு நாளைக்குக் காஃபீன் 300 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்கிறது. ஒரு கப் டீயில் 30 முதல் 65 மில்லிகிராம் வரை இருக்கிறது. மூன்று நான்கு டம்ளரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கர்ப்பிணிகள் அதையும் குறைத்து, மருத்துவரிடம் கேட்டு நடக்கலாம். குழந்தைகளுக்குக் கட்டஞ்சாயா தேவையில்லை.

வெயில் சீமையில் சிறுநீரகக் கல் இன்னொரு கவலை. கறுப்புத் தேயிலையில் ஆக்சலேட் உண்டு. பாலில் உள்ள கால்சியம் அதைப் பிடித்துக்கொள்ளும். பால் இல்லாதபோது அது கூடுதலாக உடலில் சேரும். முன்பே கல் வந்தவர்கள் கட்டஞ்சாயாவைக் குறைத்துக்கொண்டு, மருத்துவரின் யோசனைப்படி நடக்க வேண்டும். டீ குடிப்பதைத் தண்ணீர் குடித்த கணக்கில் எழுதாமல், தண்ணீரைத் தனியாகக் குடிக்க வேண்டும்.

கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பழக்கமும் நல்லதல்ல. 65 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் குடிக்கும் எந்தப் பானமும் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016-ல் வகைப்படுத்தியது. வடித்த பின் சில நிமிடம் ஆறவிட்டு, உதட்டில் சுடாத பதத்தில் குடியுங்கள். மணம் நன்றாகத் தெரிவதும் அந்தப் பதத்தில்தான்.

நோன்பு நாட்களில்

ரமளானின் முதல் சில நாட்களில் வரும் தலைவலிக்கு, பலருக்கும் வழக்கமான டீ கிடைக்காமல் போவது ஒரு காரணம். ஷஃபானின் கடைசி வாரத்திலிருந்தே பகல் டீயை ஒவ்வொன்றாகக் குறைத்து வந்தால் இது வெகுவாகக் குறையும்.

இஃப்தாரில் பேரீச்சம்பழமும் தண்ணீரும் நோன்புக் கஞ்சியும் முதலில். கஞ்சியில் பருப்பும் வெந்தயமும் இருக்கின்றன, அவற்றின் சத்து சேரட்டும். வாடாவோடும் சம்சாவோடும் சேர்த்தே டீ குடிக்கும் பழக்கத்தை மாற்றி, ஒரு மணி நேரம் கழித்து லேசாகப் போட்ட கட்டஞ்சாயா குடிக்கலாம். தராவீஹுக்குப் பிறகு நள்ளிரவில் திடமான டீ குடித்தால் தூக்கம் கெட்டு சஹருக்கு எழுவது சிரமமாகும். சஹரில் டீ அவசியம் என்பவர்கள் சிறிய டம்ளரோடு நிறுத்தி, தண்ணீரை நிறையக் குடித்துக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் நோன்பு வந்தால் இந்தக் கவனம் இன்னும் தேவைப்படும்.

விருந்தாளி வந்தால்

வீட்டுக்கு வந்தவருக்கு ஒரு டம்ளர் டீ கொடுக்காமல் அனுப்புவது நம் பழக்கம் இல்லை. பால் இல்லை என்று தயங்கி, பிள்ளையைக் கடைக்கு ஓட்ட வேண்டிய தேவை இனி இல்லை. நல்ல தண்ணீரில், இரண்டு நிமிடம் ஊறிய கட்டஞ்சாயாவும் ஒரு தட்டில் சாத்தூர் சேவும் வைத்தால் அதுவே மரியாதையான உபசரிப்பு. "சர்க்கரை போடலாமா?" என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். இன்று பலர் கேட்கக் கூச்சப்பட்டே இனிப்பைக் குடித்துவிட்டுப் போகிறார்கள்.

வீட்டில் இன்றே செய்யக்கூடியது மூன்றுதான். டீக்கென்று ஒரு குடம் நல்ல தண்ணீரைத் தனியே எடுத்து வையுங்கள். தூளைக் கொதிக்கவிடாமல் மூடி ஊற வையுங்கள். சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரம் விடுங்கள். அந்த ஒரு மணி நேரத்தை, முதலில் வீட்டுப் பெண்களுக்கு நினைவூட்டுங்கள். அதன் பிறகு அந்த டம்ளர் டீயை அவர்களுக்கு நாமே போட்டுக் கொடுத்தால் இன்னும் நல்லது.